பூந்தொட்டிச் சேறு

லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருக்கிறவர் மணிப் பொத்தானை அழுத்துவார். அழுத்தினால் இவள் மேசையில் போன் அடிக்கும். ஊரில் பாதி லிஃப்டுகளைப் பராமரிக்கிற அந்த நிறுவனத்தில், மாட்டிக்கொண்டவர்களோடு பேசிக்கொண்டிருப்பதுதான் இவளுக்கு வேலை. கத்துகிறவர், அழுகிறவர், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று மிரட்டுகிறவர், எல்லாரும் இவள் காதில்தான் வந்து விழுவார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் போனை எடுத்த எடுப்பில், "மெக்கானிக் கிளம்பிட்டார், இதோ வந்துட்டே இருக்கார்" என்று சொல்லிவிடுவார்கள். மெக்கானிக் அந்நேரம் எங்கேயாவது டீ குடித்துக்கொண்டிருப்பார். இவள் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாள். "இன்னும் கிளம்பலை சார். கிளம்பினதும் சொல்றேன். அதுவரைக்கும் லைன்லயே இருக்கேன், எங்கயும் போக மாட்டேன்" என்பாள்.

மேலாளர் ஒருநாள் கூப்பிட்டுக் கண்டித்தார். "ஆறுதலா ரெண்டு வார்த்தை சொன்னா வாய்ல இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?"

"ஒரு தடவை நீங்க மாட்டிக்கிட்டுப் பாருங்க சார். வராத ஆளை வர்றார்னு நான் சொல்லிட்டா, அதுக்கப்புறம் நான் சொல்ற எதை நம்புவீங்க?"

மேலாளர் லிஃப்டில் மாட்டிக்கொள்ளவும் இல்லை, அவளை மறுபடி கூப்பிடவும் இல்லை. எப்படியும் வேலையை ஒழுங்காகச் செய்கிறவளை எதைச் சொல்லித் துரத்துவது?

அவள் கணவர் இதற்கு நேர் எதிர். டைல்ஸ் கடையில் விற்பனை பார்க்கிறவர். எதிரே நிற்கிறவர் முகம் கோணாமல் பேசத் தெரிந்தவர். டாக்டர் சொன்னாரென்று சைக்கிள் வாங்கினார். வாங்கின சூட்டில் போனில் ஒரு குழு ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சேர்ந்தார்கள், அவர்கள் மூலம் ஓட்டாதவர்களும் சேர்ந்தார்கள். சொந்தப் பெயரை யாரும் அங்கே வைத்துக்கொள்வதில்லை. எப்போதும் முன்னால் போவதால் அவருக்கு 'முன்சக்கரம்' என்று பெயர். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்பதால் இவளுக்கு 'ஏனக்கா'. கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

குழுவில் முதலில் எல்லாரும் புதுச் சாமான் வாங்கிய அன்றைக்கே பளபளவென்று படம் எடுத்துப் போட்டு, "அற்புதம், அவசியம் வாங்குங்க" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏனக்கா ஒருநாள் பொரிந்து தள்ளிவிட்டாள். "கல்யாணத்தன்னிக்கு எந்த மாப்பிள்ளைதான் மோசம்? கொஞ்ச நாள் குடும்பம் நடத்திட்டு வந்து சொல்லுங்க" என்று எழுதினாள். அதிலிருந்து பிறந்ததுதான் அழுக்கு விதி. ஒரு பொருளைப் பாராட்ட வேண்டுமானால் அது அழுக்காக இருக்கிற படத்தைப் போட வேண்டும். சேறு, கிரீஸ், வேர்வைக் கறை, ஏதாவது. பளபளப்பான படத்தோடு யாராவது பாராட்டினால், "போய்க் குளிக்காம வா" என்று மற்றவர்கள் துரத்திவிடுவார்கள்.

நல்ல விதிதான். அதை நம்பித்தான் புதிதாக வந்தவர்கள் விளக்கும் சீட்டும் டயரும் வாங்கினார்கள். ஆனால் மனுஷப் பிறவி சும்மா இருக்குமா? நாளாக ஆக எல்லாரும் அழுக்கைத்தான் பார்த்தார்களே தவிர, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதை விட்டுவிட்டார்கள். "ஆஹா, என்ன சேறு!" என்று அழுக்குக்கே கைதட்டு விழுந்தது. அழுக்குப் படம் போட்டால் சாமான் விற்கிறது என்கிற விஷயம் கம்பெனிக்காரர்கள் காதுக்கும் போனது. அவர்களுக்குக் காது ரொம்பக் கூர்மை. முன்சக்கரத்தின் பெயருக்குப் பார்சல்கள் வர ஆரம்பித்தன.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏனக்கா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. திறந்தால், கணவர் ரோஜாத் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் பழைய டூத் பிரஷ். தொட்டி மண்ணில் தண்ணீர் விட்டுக் குழைத்து, புத்தம்புது பிரேக் கட்டை ஒன்றின் மேல், குழந்தைக்கு மருந்து தடவுகிற மாதிரி அத்தனை பதமாகப் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அட்டைப் பெட்டி பிரிந்து கிடந்தது.

"என்னங்க பண்றீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் திருதிருவென்று விழித்தார். "ஒண்ணுமில்ல. சும்மா... போட்டோவுக்கு."

"வண்டியில மாட்டி ஓட்டினீங்களா?"

"ஓட்டுவோம், ஓட்டுவோம். எங்க போயிடப் போகுது."

"போட்டோ?"

"அது... காலையிலயே ஒண்ணு போட்டுட்டேன். வெளிச்சம் சரியா விழலை. இது ரெண்டாவது."

அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நின்றபடியே போனை எடுத்துக் குழுவைத் திறந்தாள். காலையில் போட்ட படம் இருந்தது. "மழையிலும் மலைபோல் நிற்கும் கட்டை. என் சொந்த அனுபவம்" என்று கீழே எழுதியிருந்தார். நல்ல கட்டை, நல்ல கட்டை என்று பலரும் அதற்கு ஒத்து ஊதியிருந்தார்கள். அவள் படத்தைப் பெரிதாக்கினாள். சேற்றுக்குள் வெள்ளையாகத் துணுக்குகள் தெரிந்தன. ரோஜாவுக்கு உரமாகட்டும் என்று அவளே கையால் நொறுக்கிப் போட்ட முட்டை ஓடு. போன மாதம் அவர் போட்ட பின்விளக்குப் படத்தைத் தேடினாள். அந்தப் பின்விளக்கின் மேலும் முட்டை ஓடு இருந்தது.

"ரோட்ல எந்தக் கோழிங்க வந்து முட்டை போட்டுச்சு? யாருக்குக் காது குத்தறீங்க?"

அவருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விற்பனைக்காரர் அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை. "நல்ல கம்பெனிதான். குழுவுக்கு மொத்தமா மழைக்கோட்டு தர்றேன்னு சொல்லியிருக்காங்க. எனக்காகவா கேட்டேன்? எல்லாருக்கும்தானே? நான் மட்டுமா இப்படிப் பண்றேன்? பாதிப் பேர் வீட்டுத் தோட்டத்துலதான் அழுக்கு எடுக்கறான்."

"பாதிப் பேர் பண்ணட்டும். அவங்கவங்க பொண்டாட்டி கேட்டுக்குவா. நான் உங்களைக் கேக்கறேன். இது நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்னுதான் நினைக்கிறேன்."

"அப்படின்னா நாளைக்கு மழை பெய்யுதாம். உங்க வண்டியில மாட்டி, தண்ணித்தொட்டி இறக்கத்துல வாங்க. நான் கீழ நின்னு பாக்கறேன்."

தண்ணீர்த்தொட்டி இறக்கம் அந்தப் பகுதியிலேயே செங்குத்தான தெரு. மேலே குடிநீர்த் தொட்டி, கீழே பள்ளிக்கூடம். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? தான் ஏற மாட்டாத வண்டியில் ஊரையே ஏற்றிவிடுகிறாரே இந்த மனிதர் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தைவிடப் பெரிதாக அவமானம் இருந்தது. அந்த விதி அவள் வைத்தது.

மறுநாள் காலையில் சொன்னபடி மழை. ஏனக்கா அந்தப் பெட்டியிலிருந்த புதுக் கட்டைகளைச் சேறு போகக் கழுவிப் பையில் போட்டு, மழைத்தொப்பியை மாட்டிக்கொண்டு தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். மனைவி போவதைப் பார்த்ததும் அவருக்கு ஸ்டாக் எடுக்கிற வேலை மறந்துபோனது. குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"இந்தா பாரு, சொன்னா கேளு. உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா. நம்பிப் படிக்கிறவங்க எல்லாரும் பைத்தியம்தானே உங்களுக்கு? நானும் ஒருத்தியா இருந்துட்டுப் போறேன்."

நியாயம் என்றால் நியாயமாகச் செய்ய வேண்டும் என்று முதலில் தன்னுடைய பழைய பிரேக் கட்டையோடு இறங்கினாள். நனைந்த ரோட்டில், விளக்குக் கம்பத்துக்கு நேராக பிரேக்கைப் பிடித்தாள். கொஞ்சம் முனகிவிட்டு வண்டி நின்றது. மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போனாள். தொட்டிச் சுவரோரமாக வண்டியைச் சாய்த்து, ஸ்பானரால் பழையதைக் கழற்றி, இரண்டு சக்கரத்திலும் புதியதை மாட்டினாள். ரிம்மில் சரியாகப் படிகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஏதோ தப்பாக மாட்டியதால்தான் என்று நாளைக்கு எவனும் பேசக் கூடாது. அவர் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தபடி, "வேண்டாம்மா, போதும்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"அதை நேத்து எழுதும்போது இருந்திருக்கணும்."

ஏறி உட்கார்ந்து விட்டுவிட்டாள். விளக்குக் கம்பத்துக்கு முன்பே பிரேக்கைப் பிடித்தாள். பிரேக் பிடி கைப்பிடியோடு ஒட்டுகிற அளவுக்கு அழுத்தினாள். கட்டை ரிம்மில் பட்டு வழுக்கிக்கொண்டே போனது. விளக்குக் கம்பம் போனது, மருந்துக்கடை போனது, பள்ளிக்கூட வாசல் போனது. அய்யோ என்று கத்தக்கூட அவளுக்கு நேரமில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் புது வீடு கட்டுகிற இடத்தில் கொட்டியிருந்த மணல் குவியலில் ஹேண்டில்பாரைத் திருப்பி, வண்டியோடு போய் விழுந்தாள். மணல் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கும்.

குடை காற்றில் எங்கேயோ போக, கணவர் இறக்கம் முழுக்க ஓடி வந்தார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவர் அப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லை. அவள் முழங்கால் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் தலையில் இருந்த மணலைத் தட்டிவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அடி பலமா?"

"காலுக்கு ஒண்ணும் ஆகலை. போனை எடுங்க. இப்ப எடுங்க போட்டோ. கட்டையையும் எடுங்க, முழங்காலையும் எடுங்க. இதுக்குப் பேர்தான் அழுக்கு."

வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்ட கையோடு எழுத உட்கார்ந்தாள். அவர் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "என் பேரை மட்டும் இழுத்துடாதே" என்றார்.

"இழுக்க மாட்டேன். உங்க வாயால நீங்களே சொல்லணும். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கறேன்."

அவள் எழுதியது இவ்வளவுதான்: "இந்தப் பிரேக் கட்டையை மாட்டி மழையில் ஓட்டினேன். நிற்கவில்லை. படம் கீழே. யாரும் வாங்காதீர்கள், வாங்கியவர்கள் மாட்டாதீர்கள். பாராட்டி எழுதியவர்களில் யார் யார் இதை ஓட்டினீர்கள்? கை தூக்குங்கள்."

ஒரு கைகூட எழவில்லை. ஆனால் வாய்கள் திறந்தன. "முன்சக்கரமே சொல்லியிருக்கார், அதுக்கு மேல என்ன?" என்றார் ஒருவர். "நான் ஓட்டலை, ஆனா எனக்குச் சொன்னவர் ரொம்ப நம்பகமானவர்" என்றார் இன்னொருவர். அந்த நம்பகமானவரும் உடனே வந்து, தனக்கும் வேறொருவர்தான் சொன்னார் என்றார். "வீட்டுச் சண்டையை வீட்டோட வெச்சுக்கக் கூடாதா?" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். "பெண்களுக்குக் கையில் அழுத்தம் போதாது" என்றும் ஒரு மகானுபாவர் எழுதினார். வீட்டுத் தோட்டத்தில் அழுக்கு எடுத்த அத்தனை பேருக்கும் அவள் கேள்வி சுருக்கென்று தைத்திருக்கிறது. ஏனக்கா ஒவ்வொருத்தருக்கும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டாள். "நீங்கள் ஓட்டினீர்களா?" விரல் வலிக்கிற வரைக்கும் கேட்டாள்.

முன்சக்கரத்தின் போன் ஓயாமல் அடித்தது. அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். உள்ளே வரும்போது ஆள் பாதியாக இருந்தார். அவள் துவைத்த துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் போனில் குழுவைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதியதும் இல்லை, அவளும் இல்லை. அழிக்கவும் நீக்கவும் அந்தக் குழுவில் ஒரே ஒருவரால்தான் முடியும்.

"என்னைத் தூக்கிட்டீங்களா?"

"கொஞ்ச நாளைக்குத்தான். சூடு ஆறட்டும்னு..."

"என் கால்ல இன்னும் ரத்தமே நிக்கலை. அதுக்குள்ள என் வாயை அடைச்சாச்சு."

"கம்பெனிக்காரன் வழக்குப் போடுவேன்கிறான். எல்லாரும் என்னைப் பிடிச்சுக் கிழிக்கறாங்க. நான் எங்க போவேன்?"

"போடட்டும். என் முழங்காலைக் கோர்ட்ல காட்டறேன். நீங்க எங்கயும் போக வேண்டாம், இங்கயே இருங்க. நான் எல்லாருக்கும் போன் பண்ணப் போறேன். நம்பர் இருக்கு, குரல் இருக்கு. நாளெல்லாம் நான் பண்ற வேலை அதுதானே?"

அவளுக்கு அழுகை வந்தது. வரக் கூடாது என்று சட்டையை உதறி உதறி மடித்தாள். மணலைத் தட்டிவிட்ட அதே கையால்தானே இவர் என்னை அழித்தார் என்று நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. சண்டைக்கு அஞ்சுகிறவள் இல்லை அவள். ஆனால் இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரோடு இப்படி ஒரு சண்டை வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் அவர் போனில் ஏதோ வந்தது. பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. போனை மெதுவாகத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"என்னது அது?"

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்க."

காட்டினார். குழுவில் 'பேக்கரி' என்ற பெயரில் இருக்கிற பெண் போட்ட படம். தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, சின்னதாக ரொட்டிக்கடை நடத்துகிறவள். இவளை அக்கா, அவரை அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் என்பதால் பகலில் போனைத் தொடவே மாட்டாள். இப்போது கடை மூடிய பிறகு எழுதியிருக்கிறாள். படத்தில் அவள் சைக்கிள். பின்னால் குழந்தை இருக்கை, அதில் இரட்டைச் சடையோடு அவள் மகள், எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாள். கீழே எழுதியிருந்தது: "முன்சக்கரம் அண்ணா சொன்ன கட்டையை நேத்தே வாங்கி இன்னிக்கு மாட்டியாச்சு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு இதுலதான் இறங்கறோம். இனிமே மழைக்குப் பயமில்லை!"

வெளியே மழை விட்டபாடில்லை.

"நாளைக்குக் காலையில சொல்லிக்கலாம்" என்றார் அவர். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

ஏனக்கா தன் போனை எடுத்து பேக்கரிக்காரியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"சொல்லுங்கக்கா! படம் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. அந்தக் கட்டையை இப்பவே கழட்டிடு. காலையில நான் மாட்டி ஓட்டினேன், ஈரத்துல நிக்கலை. பள்ளிக்கூடத்தையும் தாண்டிப் போய் விழுந்தேன். குழுவுல போட்டதை அழிச்சுட்டாங்க."

மறுமுனையில், தூரத்தில் குழந்தை ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? அண்ணா சொந்த அனுபவம்னு எழுதியிருந்தாரே. சேறும் சகதியுமாப் படம்கூடப் போட்டிருந்தாரே. மத்தவங்களும் நல்லாயிருக்குன்னுதானே சொல்றாங்க? உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ மனஸ்தாபம்னு யாரோ எழுதியிருந்தாங்க. தப்பா நினைக்காதீங்கக்கா, நான் யாரை நம்பறது? பழசை வேற தூக்கிப் போட்டுட்டேன்."

கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஊரெல்லாம் ஒன்று சொல்ல, ஒருத்தி மட்டும் வேறு சொன்னால் யார் நம்புவார்கள்?

"என்னை நம்ப வேண்டாம்மா. அண்ணன் இங்கதான் உக்காந்திருக்கார். அவரையே கேளு."

போனை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அவளைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணா? இருக்கீங்களா? நாளைக்குக் காலையில பாப்பாவை வெச்சுக்கிட்டு நான் இதுல இறங்கலாமா?"

டைல்ஸ் கடையில் வழுக்குகிற டைல்ஸை வழுக்காது என்று சொல்லி விற்றுப் பழகிய வாய் ஒருமுறை திறந்து மூடியது. மழைச் சத்தத்துக்கு மேல் குழந்தையின் பாட்டு தெளிவாகக் கேட்டது.

"இறங்காதம்மா" என்றார். "கழட்டிடு. நான் அதை ஓட்டவே இல்ல. ஒரு நாள்கூட மாட்டலை. அந்தச் சேறு... அது நான் பூசினது. எங்க வீட்டுப் பூந்தொட்டி மண்ணு."

பாட்டு நின்றுவிட்டது, குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டது போலிருந்தது. பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது. அதில் அண்ணா இல்லை.

"அப்ப என் பொண்ணு உக்காந்து வர்ற வண்டின்னு தெரிஞ்சும் நீங்க நாளைக்கு என்னை இறங்க விட்டிருப்பீங்களா?"

அவர் சட்டென்று போனை எடுத்து மனைவியிடம் நீட்டினார். ஏனக்கா வாங்கிக்கொள்ளவில்லை. மடித்த துணிகளின் மேல் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட கேக்கலைங்க. உங்களைத்தான் கேக்கறா. சொல்லுங்க."